வலங்கைமானில் விழாத ரேகை

செப். 18, வியாழன்

காலையிலேயே புழுக்கம். பத்திரிகை வேலையாகத் தஞ்சாவூரிலிருந்து வலங்கைமான் பஸ். உட்கார இடம் கிடைத்தது. இன்றைய அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

அறக்கட்டளையின் பயிற்சி மையம். முன்பு அரிசி மண்டி, இன்னும் தவிட்டு வாசனை. நாற்பது தாண்டிய பெண்களுக்கு முதியோர் பராமரிப்புப் பயிற்சி, இலவசம். முடித்தால் சான்றிதழ், தஞ்சாவூரில் மருத்துவமனை வேலை. சொல்லிக்கொடுப்பவர் சகாயமேரி, ஓய்வு பெற்ற நர்ஸ். எல்லோருக்கும் சிஸ்டர்.

நன்கொடையாளர்கள் வெளிநாட்டில். நிபந்தனை ஒன்றுதான்: வருகை பாதிக்குக் கீழே போனால் நிதி நின்றுவிடும். வருகையைச் சொல்வது வாசலில் இருக்கும் கைரேகை இயந்திரம். ரேகை விழுந்தால் பச்சை விளக்கு, "தேங்க் யூ" என்று ஒரு பெண் குரல்.

இன்று பெரும்பாலும் சிவப்பு. சம்பா நடவு நேரம். விடியலில் இறங்கி நட்டுவிட்டு, குளித்து, மதிய வகுப்புக்கு வருகிறார்கள். சேற்றில் ஊறிய விரல் நுனி வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறது.

மலர்க்கொடி, வயது 46, நடவு வேலை. இடுப்பில் பெல்ட். பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்.

"ரேஷன் கடையிலயும் இதே கததாங்க சார். அங்கயாச்சும் கண்ணக் காட்டச் சொல்லி அரிசி போடுவாங்க."

நடவுக்குப் போகாமல் இருந்தால்?

"ஆளு கொறஞ்சா வேற செட்டு எறக்கிருவாங்க. அப்பறம் எங்க செட்டயே கூப்புட மாட்டாங்க. எனக்கு இடுப்பு இந்த வருசத்தோட சரி. ஆஸ்பத்திரி வேல கெடச்சா குனிய வேணாம்."

செப். 23, செவ்வாய்

தூறல். குடையை ஆபீசிலேயே விட்டுவிட்டேன். மறுபடி வலங்கைமான்.

பெண்களே வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். சேற்றுப்புண்ணுக்கு எப்போதும் போடுகிற மருதாணி. அரைத்து அப்பியதில் விரல் நுனி எல்லாம் செக்கச்செவேல். புண் ஆறிவிட்டது. அதுவரை விழுந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரின் ரேகையும் போயிற்று.

"யாருடி சொன்னா இத?" சகாயமேரி.

"நீங்கதான சிஸ்டர் மொதல்ல புண்ண ஆத்துங்கன்னீங்க. எங் கல்யாணத்துக்குக்கூட இப்புடி செவக்கல."

சிரிப்பு. பிறகு வகுப்பு. படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி.

அறக்கட்டளையின் சென்னை அலுவலகத்துக்குப் போன். ஒருங்கிணைப்பாளர், மரியாதையான இளைஞர். "கையெழுத்தெல்லாம் ஏத்துக்க மாட்டாங்க சார். கொடுக்கறவங்க ஸ்கிரீன்லதான் பாப்பாங்க." நடவு முடியும்வரை பொறுக்கக் கூடாதா என்றேன். "நடவு எப்ப சார் முடியும்?" சொன்னேன். "அதுக்குள்ள காலாண்டு முடிஞ்சிடுமே."

அக். 1, புதன்

ஆயுத பூஜை. ஆபீசில் பொரி, சுண்டல். கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு. வாங்க வேண்டியவை: பிரஷர் மாத்திரை, டார்ச்சுக்கு பேட்டரி, சைக்கிள் பூட்டு.

மாலை சகாயமேரி போன். விடுமுறையிலும் பெண்கள் வந்து கைரேகை இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டுப் போனார்களாம். மலர்க்கொடி கும்பிட்டுச் சொன்னாராம்: "எங்களயும் ஒரு ஆளா மதி சாமி." சிரித்துக்கொண்டுதான் சொன்னார் சிஸ்டர். பிறகு குரல் இறங்கியது. மெயில் வந்துவிட்டது. நிதி நிறுத்தம். காரணம்: பயனாளிகளிடம் ஆர்வமில்லை.

அக். 4, சனி

நான் எழுதிக் கொடுத்தது விரல்களைப் பற்றி, அரைப் பக்கம். பேப்பரில் வந்தது அறக்கட்டளையின் செய்திக்குறிப்பு, மூன்று வரி. தலைப்பு: 'ஆர்வமின்மையால் பயிற்சி மையம் மூடல்'.

எடிட்டர்: "வெரலப் படம் போட்டா என்னங்க தெரியும்? தீபாவளி விளம்பரம் வேற குமியுது."

வாதாடவில்லை. ராத்திரி ரசம் சாதம். இத்தனை வருடத்தில் எத்தனையோ மூடல்களை எழுதியாயிற்று. எழுதி ஒன்றாவது நின்றதா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

பேட்டரி வாங்க மறந்தாயிற்று.

அக். 17, வெள்ளி

நல்ல வெயில். வழி நெடுக வயல் பச்சை பிடித்துவிட்டது. வலங்கைமானில் நடவு முடிந்து ஒரு வாரத்துக்கு மேல்.

பத்திரிகைக்காகப் போகவில்லை. சும்மா போனேன்.

மையத்து வாசலில் சென்னை வேன். கட்டில், நாற்காலி, வெள்ளைப் பலகை ஏறிக்கொண்டிருந்தன. சகாயமேரி உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை. பயிற்சிப் பொம்மையைத் தூக்கி வந்தது மலர்க்கொடி. கழுத்துக்குக் கீழே ஒரு கை, முட்டிக்குக் கீழே ஒரு கை, வகுப்பில் சொன்னபடி.

"பாத்து வைங்க தம்பி, பேஷண்ட்டு."

டிரைவர் சிரித்துவிட்டு வாங்கி நாற்காலிகளுக்கு மேலே போட்டார்.

இனி என்ன வேலை என்றேன்.

"களை எடுக்கக் கூப்புட்டுருக்காங்க சார். அதுக்கும் குனியணும்."

கடைசியாகக் கைரேகை இயந்திரம். ஓரத்தில் இன்னும் குங்குமம். டிரைவர் ஒயரைப் பிடுங்கப் போனார். "செத்த இருங்க" என்று மலர்க்கொடி கட்டைவிரலை வைத்தார். விளையாட்டுக்குத்தான்.

பச்சை. "தேங்க் யூ."