மோர்னிங்சைட்டைத் தாண்டாத பூசை

அண்ணை, நேற்று வெள்ளிக்கிழமை அம்மாவின் அறையில் கற்பூரம் கொளுத்தினேன். உடனே புகை அலாரம் அலறத் தொடங்கிவிட்டது. துவாயால் விசிறிக்கொண்டே உங்களைத்தான் நினைத்தேன். "வீட்டிலை கொளுத்தி ஃபயர் ட்ரக்கைக் கூப்பிடாதேங்கோ. நான் ரீவியிலை கொளுத்திறன், அதைப் பாத்துக் கும்பிடுங்கோ" என்று ஒளிபரப்பிலேயே சொன்னவர் அல்லவா நீங்கள்.

தொண்ணூறுகளில், மல்வேர்னில் ஒரு பிளாசாவின் மாடி அறையில் நீங்கள் நடத்திய அந்தச் சின்னப் பக்தித் தொலைக்காட்சியின் அலை மோர்னிங்சைட் வீதியைத் தாண்டாது. அதற்கப்பால் வெறும் இரைச்சல்தான். ஆனாலும் வெள்ளி மாலைப் பூசைக்கு எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு ரீவியின் முன்னால் எழுந்து நிற்பார்கள். அம்மா திரைக்குத் திருநீறு பூசிவிடுவார். நான் துடைப்பேன். திரும்பவும் பூசுவார்.

தீபாராதனைக்கு முன் நீங்கள் அர்ச்சனைப் பெயர்களை வாசிப்பீர்கள். "பூச நட்சத்திரம், சுதாகரன்." அது ஊரில் காணாமல் போன என் தம்பி சுதன். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். ஆகவே நீங்கள் வாசிக்கும்வரை சுதன் இருக்கிறான் என்பது அம்மாவின் கணக்கு.

மோர்னிங்சைட்டுக்கும் அப்பால், நாங்கள் அஜக்ஸில் வீடு வாங்கியபோது அம்மா வர மறுத்துவிட்டார். "அங்கை உந்தச் சனல் எடுக்காது. பிள்ளையின்ரை பேர் கேக்காத வீடு எனக்கு வேண்டாம்." கெஞ்சினேன், கத்தியும் பார்த்தேன். அம்மாவோ பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் உங்களிடம் வந்து முறையிட்டேன். அடுத்த நாளே வந்தீர்கள். பனி ஒட்டிய சப்பாத்தோடு வாசலிலேயே நின்று, "நீங்கள் கேக்காட்டியும் நான் வாசிப்பன் அம்மா. வாசிச்சுப்போட்டுப் போன் எடுத்துச் சொல்லுறன்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அம்மா பெட்டி கட்டினார்.

சொன்னபடியே வெள்ளிதோறும் போன் எடுத்தீர்கள். "வாசிச்சாச்சு அம்மா." அவ்வளவுதான் பேச்சு. கட்டுப்படியாகாமல் நிலையத்தை மூடிய பிறகும் வெள்ளிக்கிழமை போன் நிற்கவில்லை. "இப்ப எங்கை அண்ணை வாசிக்கிறியள்?" என்று ஒருமுறை கேட்டேன். "என்ரை வீட்டுக் குசினியிலைதான். அலாரத்தின்ரை பற்றரியைக் கழட்டிப்போட்டு" என்று சிரித்தீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை, அண்ணை. அழுகைதான் வந்தது.

உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு வந்த முதல் வெள்ளி நேற்று. பொழுதுபட்டும் அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நான் கற்பூரத்தை எடுத்தேன். அலாரம் ஓய்ந்ததும் தம்பியின் பெயரை வாசித்தேன்.

"அவரின்ரை பேரையும் வாசி" என்றார் அம்மா.

வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது. ஊராருடைய நட்சத்திரமெல்லாம் வாசித்த உங்களிடம், உங்கள் நட்சத்திரம் என்னவென்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"தெரியாட்டி என்ன? சுதனின்ரை நட்சத்திரத்தையே சொல்லு."

வாசிச்சாச்சு, அண்ணை.