தேவாவுக்கு வந்த வசனம்

6 பெப்ரவரி, வியாழன்

செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டு வேதபாடக் கூட்டத்துக்குப் பதினொரு பேர். ஆதிச் சபையார் வேதத்தை எப்படி வாசித்தார்கள் என்று நான்தான் பாடம் எடுக்கிறேன். அந்தியோகியாக்காரர் எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொண்டார்கள். அலெக்சாந்திரியாக்காரர் வரிக்கு வரி உள்ளர்த்தம் தேடினார்கள். கூட்டத்தில் இளையவள் ஹரிப்பிரியா கொட்டாவி விட்டாள். என் கணவர் தேவா மட்டும் குறிப்பெடுத்தார்.

இவருடைய கால்விரல் புண்ணுக்குக் கட்டு மாற்றினேன். நாற்றம் தொடங்கிவிட்டது.

13 பெப்ரவரி

சர்க்கரையால் வந்த புண், இந்தக் கிழமையே விரலை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நாளைக்கே நேரமும் தந்தார். இவர் பர்ஸிலிருந்து வாக்குத்தத்த அட்டையை எடுத்துக் காட்டினார். அந்த வருடத்துக்குக் கடவுள் தரும் வாக்கு என்று புதுவருட ஆராதனையில் ஆளுக்கொன்றாகத் தட்டிலிருந்து எடுத்தது. எலும்புகளில் ஒன்றும் முறிக்கப்படாது என்ற சங்கீத வசனம்.

மாலைப் பாடத்தில் அதையே எடுத்தேன். ஆதிச் சபையார் அதைச் சிலுவையில் தொங்கியவரைப் பற்றியது என்றே வாசித்தார்கள் என்றேன். இவர் எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: “அப்ப எனக்கில்லையோ?”

“உங்களுக்கும்தான்” என்றேன். ஏன் சொன்னேன்? அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

14 பெப்ரவரி

இவர் காலையிலேயே போன் செய்து ஒப்பரேஷனை ரத்துசெய்துவிட்டார்.

20 பெப்ரவரி

இப்போது இரண்டு விரல் கறுப்பு. பாடத்தை நிறுத்திவிட்டு, ஒப்பரேஷனுக்குப் போவோம் என்று கெஞ்சினேன். அது இயேசுவுக்கான வசனம் என்றேன்.

“நீர்தானே சொன்னனீர், எனக்கும்தான் எண்டு.”

கூட்டத்தில் மூத்தவவான யோகா அன்ரி இவருடைய விசுவாசத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லி ஜெபித்தா. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பழக்கத்தில் நானும் சொல்லிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

23 பெப்ரவரி

காய்ச்சல். பேச்சுக் குழறுகிறது. அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டேன் — வருகிறார்கள். எழுதுகிற நேரமா இது? சும்மா இருக்க முடியவில்லை.

26 பெப்ரவரி

முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மூட்டோடு கழற்றினோம், எலும்பை அறுக்கவில்லை என்றார் சத்திரசிகிச்சை டாக்டர். மயக்கம் தெளிந்ததும் இவர் கேட்டது, எலும்பை அறுத்தார்களா என்பதைத்தான். சொன்னேன். சிரித்தார்.

“பாத்தீரோ, ஒண்டும் முறியேல்லை.”

நடைபாதையில் டாக்டரை மறித்து, அந்த ஒரு விரலை எப்படி எடுத்திருப்பீர்கள் என்று கேட்டேன். அதையும் மூட்டோடுதான், எலும்பை அறுக்காமல், அரை மணி நேர வேலை என்றார்.

விரலை எடுக்க வேண்டும் என்று சொன்ன அன்றைக்கு நாங்கள் இருவரும் அதைக் கேட்கவேயில்லை. இவருக்கு இதைச் சொல்லப்போவதில்லை. அட்டையைத் தலையணைக்குக் கீழே வைக்கச் சொன்னார். வைத்தேன்.