ஒரே பக்கத்தில் வந்து சேர்ந்தவன்

சேசு மரி சூசை துணை

வட்டம் 18, நெய்வேலி
18-10-2016

அன்பு மகன் ஃபெலிக்ஸுக்கு அம்மா மேரிசெல்வி எழுதுவது. மாதாவின் தயவில் நீ அங்கே கனடாவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கைக்குப் பழக்கம், அதனால் அப்படியே எழுதிவிட்டேன். அப்பாவுக்கு முட்டிவலி விட்டபாடில்லை. போன வாரம் அவருடைய ரிலீவர் வரவில்லை என்று இரண்டு ஷிப்டும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து, படியேற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சுரங்கத்தில் நிலக்கரி பெல்ட் ஓடுகிற இடத்தில் அடுத்த ஆள் வந்து நிற்காமல் இவர் இறங்கக் கூடாது, வராதவனுடைய டூட்டியையும் இவர்தான் பார்க்க வேண்டும், உனக்குத் தெரியாததா, சின்ன வயதில் அப்பா ஏன் வரவில்லை என்று நீயும் தம்பியும் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவீர்கள். மருமகள் நான்சி நர்சரி ஸ்கூலுக்கு டீச்சராகப் போய் வருகிறாள். உன் தம்பி ஆனந்த்ராஜ் போனபிறகு அவளை மேல்பட்டாம்பாக்கத்துக்குக் கூட்டிப்போக அவள் அம்மா வந்தார்கள், அவள் போகவில்லை, அத்தையோடு இருக்கிறேன் என்றுவிட்டாள். நீ குளிருக்குத் தலையை மூடிக்கொள், பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே.

நீ வரைந்து அனுப்பிய காமிக்ஸ் புத்தகக் கட்டு வந்து சேர்ந்தது. போனில் நீ கேட்டாயே, நம்ம ஊர்ல படிச்சவங்க என்ன சொன்னாங்கன்னு ஒண்ணும் மறைக்காம எழுதி அனுப்பும்மா, அடுத்த இதழ்ல வாசகர் பக்கத்துல போடலாம் என்று. கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். முதலில் புத்தகத்தை வாங்கிப்போனவர் அப்பாவோடு வேலை பார்க்கும் சிவப்பிரகாசம் அண்ணன். ஷிப்ட் பஸ்ஸில் கை மாறிக் கை மாறிப் போய், அட்டையில் எண்ணெய் விரல் பதிந்து வந்தது. அவர் சொன்னது, படம் பிரமாதம், ராத்திரியில மெஷின் வெளிச்சத்த அப்படியே கொண்டாந்துட்டான், ஆனா பெல்ட்ட தப்பாப் போட்டிருக்கான், நிலக்கரி சுரங்கத்துக்குள்ள போய்க்கினு இருக்குது, வெளிய வந்தாத்தானே நமக்கு சம்பளம் என்று. ஹெல்மெட் இல்லாமல் பறந்து உள்ளே இறங்குகிறானே உன் கதாநாயகன் கருந்தீ, அவனைக் கேட்டிலேயே நிறுத்தியிருப்பாங்க என்றும் சொன்னார். பஸ் முழுக்கச் சிரிப்பாம். பக்கத்து வீட்டுப் பிரபாவதி இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொண்டாள். முன்பாதி சீரியல் மாதிரி இழுக்குதுக்கா, அந்தம்மா வாசல்ல நிக்குது நிக்குது நின்னுகினே இருக்குது, சண்டை வர்றதுக்குள்ள என் குக்கர்ல பருப்பு வெந்துடுச்சு என்றாள்.

இன்டர்நெட்டில் உன் வாசகர்கள் எழுதியதையும் நான்சி ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னாள். அவர்களும் பிரபாவதி கட்சிதான். ஆறு பக்கம் ஒரு தாய் வாசலில் நிற்கிறாள், ஒரு வசனமும் இல்லை, அதைத் தாண்டிப் போய்விட்டேன் என்று ஒருவன். மண் சரிந்து தம்பி அடியில் கிடக்கிறான், அண்ணன் கருந்தீ எங்கோ பெரிய நகரத்திலிருந்து பறந்து வருகிறான், மண்ணைத் தூக்குகிறான், தம்பியைத் தாயின் கையில் கொடுக்கிறான், இது முழுக்க ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டதே, கொடுக்க வேண்டிய தேதி நெருங்கியதும் அவசரமாக வரைந்துவிட்டார் போலிருக்கிறது என்று இன்னொருவன். சில பேர் அழுதேன் என்று எழுதியிருக்கிறார்கள். அழட்டும். முதல் பக்கத்தில் என் தம்பி ஆனந்த்ராஜுக்கு என்று நீ போட்டிருப்பதைப் பார்த்து அழுதிருப்பார்கள்.

இனி நான் சொல்வது. நானும் உன் வாசகிதானே. அந்த ஆறு பக்கத்தில் இருப்பது நான்தான் என்று வட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது, நீதான் நம் கதவு நம்பரையே சுவரில் எழுதி வைத்திருக்கிறாயே. ஆனால் எனக்குக் கரை வைத்த பட்டுச்சேலை எதற்கு. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டுதான் நின்றேன், வீட்டில் இருக்கிற எந்தப் பெண்ணும் அப்படித்தான் ஓடிவருவாள். ஆறு பக்கம் இழுவை என்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல. ஆனந்த்ராஜ் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது லாரி மோதியது, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தான், கண் திறந்தபோதெல்லாம் அண்ணன் வந்துடுச்சா, அண்ணன் வந்துடுச்சா என்றுதான் கேட்டான். வந்துகினு இருக்கான்டா என்று நான் சொன்னேன். நீ போனில் கிளம்பிவிட்டேன் என்று சொன்னதை நம்பித்தான் சொன்னேன். அப்புறம் அவன் போய்விட்டான். உனக்காக ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம், நீ வருகிறாயா என்று நான் வாசலிலேயே நின்றேன். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் இன்னும் எவ்வளவு நேரம் என்று முகம் சுளித்தார்கள், அப்பா அவன் வரட்டும் என்று ஒரே பிடியாக இருந்தார். கடைசியில் உன் போன் வந்தது. இந்த இதழ் முடிச்சுக் குடுக்கணும்மா, என்னை விட்டா வேற ஆள் இல்ல, முடிச்சதும் வரேன் என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், கூடம் முழுக்கக் கேட்டது. அந்த இதழை முடித்தாய், அதற்கு அடுத்ததை முடித்தாய், வருடம் ஒன்று திரும்பப் போகிறது, இன்னும் முடித்துக்கொண்டிருக்கிறாய்.

உன் வாசகன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, அந்த ஒரு பக்கம் அவசரத்தில் வரைந்ததுதான். நீ பறந்து வருகிறாய், மண்ணைத் தூக்குகிறாய், என் கையில் பிள்ளையைக் கொடுக்கிறாய். அப்படி வர முடிந்தவன் அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றியது எனக்கு, வேறு யாருக்கும் தோன்றாது. அப்பா தினமும் சாப்பிட்டபிறகு புத்தகத்தை எடுப்பார், வாசலில் நான் நிற்கும் கடைசிப் பக்கம் வரை பார்ப்பார், மூடி வைத்துவிடுவார். மீதியையும் பாருங்களேன் என்றேன். அதுக்கு மேல நடக்கலியே என்றார். அவ்வளவுதான் அவர் விமர்சனம், பெல்ட்டைப் பற்றிக்கூட அவர் பேசவில்லை.

முகத்தைப் பற்றி நான்சி சொன்னதையும் எழுதிவிடுகிறேன், ஒன்றும் மறைக்க வேண்டாம் என்று சொன்னாயல்லவா. மண்ணுக்குள்ளிருந்து எடுக்கிறாயே உன் தம்பியை, சுருள் முடியும் அரும்பு மீசையுமாக, அந்தப் படத்தை அவள் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இது கல்யாணத்துக்கு முந்தி இருந்தவருங்க அத்தே, இவர எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்த ஆனந்த்ராஜுக்கு முன்நெற்றி ஏறியிருந்தது, கண்ணாடி போட்டிருந்தான், கொஞ்சம் தொப்பை கூட. நீ கடைசியாகப் பார்த்தது ஐடிஐ படித்த பையனை, கல்யாணத்துக்கும் வரவில்லை, பழைய போட்டோவை வைத்துத்தானே வரைந்திருக்கிறாய். உன் கோடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது உன் தம்பி இல்லை. எனக்கு உன்மேல் கோபம்தான், அதை ஏன் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டும்.

நீ வரையாத ஒரு பக்கம் இருக்கிறது, அதையும் கேள். பெட்டியை மூடுமுன் கடைசி முத்தம் கொடுக்க ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். முதலில் நானும் அப்பாவும் கொடுத்தோம். அடுத்து, கூடப் பொறந்தவங்க வாங்க என்று சாமியாருக்கு உதவியாக நின்ற கோயில் பிள்ளை குரல் கொடுத்தார். யாரும் நகரவில்லை. அவர் மறுபடியும் கூப்பிட்டார். பங்குச் சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். நான்சியைக் கூப்பிடச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அப்பா எழுந்து மறுபடியும் பெட்டியிடம் போனார், குனிந்து தம்பியின் நெற்றியில் இரண்டாவது முறையாக முத்தம் கொடுத்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று, ரிலீவர் வரல, அவன் டூட்டியையும் நானே பாத்துட்டேன் என்றார். சிவப்பிரகாசம் அண்ணன் அதைக் கேட்டுவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். இதை வரை. மெதுவாக வரை. இழுவை என்று தாண்டிப் போகிறவர்கள் போகட்டும்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி காலை ஆனந்த்ராஜுக்கு வருடப் பூசை சொல்லியிருக்கிறோம். அதற்கு முன் கல்லறைத் திருநாளுக்கு நாங்களே போய்ச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைத்துவிடுவோம், அதற்கு நீ வேண்டாம். பூசைக்கு வா என்று கெஞ்ச எனக்கு இஷ்டமில்லை. அப்பாதான் ஒரு வார்த்தை எழுதச் சொன்னார், அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். வர்ற மே மாசத்தோட நான் ரிட்டயர்டு, குவார்ட்டர்ஸையும் காலி பண்ணிடுவோம், அடுத்து பெட்டியில படுக்கறது நானாத்தான் இருப்பேன், அன்னிக்கு அவன் டூட்டியப் பாக்க இங்க ஆள் இல்லன்னு எழுது என்றார்.

வாசகர் பக்கத்தில் இந்தக் கடிதத்தைப் போடுவதானால் ஒரு வரியும் வெட்டாமல் போடு. இதற்குள் ஆனந்த்ராஜின் போன வருடப் போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன், நான்சி கொடுத்தாள், அந்த முகத்தைப் பார்த்துப் பழகிக்கொள். வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. எவ்வளவு கோபம் இருந்தாலும் உன் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் இந்தக் காகிதத்தை மடிக்கிறேன், சேசு உன்னைக் காப்பாராக.

இப்படிக்கு,
ஆனந்த்ராஜுக்கும் உனக்கும் அம்மா,
மேரிசெல்வி தைரியநாதன்