வரவேற்பு மேஜைக்கு ஒரு பெண்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நான் நல்லா இருக்கேன். நீங்களும் உங்க ஆபீஸ்காரங்களும் இங்க வந்து நடத்தின ஆறு சனிக்கிழமை வகுப்பும் முடிஞ்சதிலேர்ந்து விடுதி வெறிச்சுன்னு கிடக்கு. போனைப் பூட்டி வச்சிருவாங்க, அதான் கடிதம். வார்டன் படிச்சுட்டுத்தான் தபால்ல போடுவாங்க. (வணக்கம் மேடம்!)

வியாழக்கிழமை உங்க ஆபீஸ்லேயே வரவேற்பு மேஜை வேலைக்கு இன்டர்வியூ. குளியலறைக் கண்ணாடி முன்னாடி நின்னு, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். வெளியே வாளியோட நிக்கிறவங்க, "உன்னைப் பத்தி எங்களுக்கே தெரியும், கதவைத் திற"ன்னு கத்துறாங்க.

வீடு எங்கேன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?

உங்க
வாயாடி

மார்ச் 6

என் வாயாடிக்கு,

உண்மையைச் சொல். வீட்டைவிட்டு வந்தவள், விடுதியில் இருக்கிறேன் என்று தலை நிமிர்ந்து சொல். உனக்கு என்ன குறைச்சல்? பணியாளர் பிரிவில் நான் இருக்கிறேன். மேலாளரிடமும் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வெறும் வயிற்றோடு வந்து நிற்காதே.

அன்புடன்,
அக்கா

மார்ச் 12

அக்கா,

இன்டர்வியூல மேலாளரையே சிரிக்க வச்சுட்டேன்! "திங்கட்கிழமையிலேர்ந்து வரலாம்"னார். கால் தரையில படல. அப்புறம் ஒரு படிவம் கொடுத்தாங்க. நிரந்தர முகவரி, மூணு வருஷமா தெரிஞ்ச அக்கம்பக்கத்தார் ரெண்டு பேர். விடுதி முகவரிய எழுதினேன். வாங்கிப் பார்த்தவர், "இது செல்லாதும்மா"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.

விடுதியில ஆறு மாசம்தான் இருக்கலாம். எனக்கு இன்னும் பதினெட்டு நாள். கேட்கவே கூச்சமா இருக்கு. உங்க வீட்டு முகவரிய எழுதிக்கட்டுமா? வந்து தங்க மாட்டேன் அக்கா. காகிதத்துல மட்டும்.

வாயாடி

மார்ச் 20

அன்புள்ள வாயாடி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். வீட்டில் கேட்டேன். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் நம்ம வாசலுக்குத்தானே வரும்?" என்கிறார் இவர். ஆபீஸிலும், மாணவர்களோடு சொந்தத் தொடர்பு கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இந்தக் கடிதமே தப்புதான். மேலாளரிடம் மூன்று முறை போய் நின்றேன். "நல்ல பொண்ணுதான், ஆனா நான் என்ன பண்ண?" என்று கையை விரித்துவிட்டார்.

வேலை இல்லை என்று உனக்கு ஆபீஸ் கடிதம் வரும். அதை டைப் செய்தது நான்தான். வேறு யாரிடமாவது தள்ளிவிடப் பார்த்தேன், முடியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதவும் கை வரவில்லை.

அக்கா

மார்ச் 28

அக்கா,

ஆபீஸ் கடிதம் வந்தது. உங்க மேல கோபம் இல்ல, சத்தியமா. நாளைக்குக் கிளம்புறேன். தோழியோட தோழி ஒருத்தி, இடம் இருக்குன்னு சொன்னா. எங்கேன்னு வார்டன்கிட்டயும் சொல்லல. சொன்னா நீங்க தேடி வரணும்னு நினைப்பீங்க, வர முடியாது, உட்கார்ந்து அழுவீங்க. எதுக்கு?

வாயாடி

மே 9

என் வாயாடிக்கு,

இதை வாங்கி வைத்து, என்றைக்காவது நீ வந்தால் கொடுப்பதாக வார்டன் சொல்லியிருக்கிறார்.

வகுப்பில் எடுத்த புகைப்படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, ஆபீஸ் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதில் இருப்பது நீதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாய். கீழே, "இளைஞர்களுக்கு வழிகாட்டுகிறோம்" என்று கொட்டை எழுத்து. எடுத்துவிடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். "ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

வரவேற்பு மேஜைக்குப் புதிதாக வந்த பெண் நேற்று என்னைக் கேட்டாள்: "யார் மேடம் இது, நம்ம ஆபீஸ் பொண்ணா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா