இடப்பக்கத்து பிரேக்

இன்று காலை அம்பத்தூரில் கோடைக்குப் பிறகு முதல் மழை. அரை மணி நேரம்தான். லாரிகள் மாசக்கணக்கில் ஒழுகவிட்ட எண்ணெய் மேலே எழும்பி, தார் ரோடு முழுக்க வானவில் நிறத்தில் மினுங்கியது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் மேல் கோபம் வந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. செத்தவன் மேல் என்ன கோபம் என்று என் பெண்டாட்டி கேட்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

நம் டிரைவிங் ஸ்கூலில் இருந்ததே ஒரு கார். காலையில் நீ, சாயங்காலம் நான். கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, இடப்பக்கம் நம் காலடியில் அவசரத்துக்கென்று இன்னொரு பிரேக். உனக்கு எல்லா நேரமும் அவசரம். ஈர ரோட்டில் வளைவு வருவதற்கு முன்பே பூப்போல அதை அழுத்திவிடுவாய். ஓட்டுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. தானே வண்டியை அடக்கிவிட்டதாக நினைத்து அவன் முகம் மலரும். அந்த முகத்தைப் பார்ப்பதில் உனக்கு அப்படி ஒரு ஆசை.

பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன்! காலை எடு, கொஞ்சம் வழுக்கட்டும், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க அவனே பழகட்டும் என்றேன். என் ஆள் ஒருத்தன்கூட இதுவரை வழுக்கியதில்லை என்று சிரித்தாய். வழுக்க விட்டால்தானே.

மேனாம்பேடு ஜெயராஜும் உன் ஆள்தான். அவன் அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். இவனுக்குத் தொழிற்சாலையில் வேன் ஓட்டும் வேலை கிடைத்ததும் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து உன் காலில் விழுந்தான். எந்தக் காலில் விழுகிறான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில், காட்டுப்பாக்கம் வளைவில், வேன் சறுக்கிப் புளியமரத்தில் மோதியது. நல்லவேளை, வேனில் வேறு யாரும் இல்லை. அவனுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே போயிற்று.

ஆஸ்பத்திரியில் நம் இருவரையும் பார்த்ததும் அழுதான். "நம்ம ஸ்கூல் வண்டில ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்தா தானா அடங்கிடும் அண்ணாத்தே. இது அடங்கல. பயந்துகினு பிரேக்க ஒரே மிதி மிதிச்சிட்டேன். தப்பு என்னுதுதான்."

ஸ்கூல் வண்டியை அடக்கியது உன் கால்தான் என்று நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளை சுளையாக அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

வெளியே வந்ததும் உன் சட்டையைப் பிடித்தேன். "உண்மைய சொன்னா கால் திரும்பி வந்துருமா மாமே?" என்றாய். கால் வராது. தப்பு தன்னுடையது என்ற நினைப்பாவது அவனை விட்டுப் போயிருக்கும். இதைச் சொன்னபோது நீ நின்று கேட்கக்கூட இல்லை, விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டாய். அதற்குப் பிறகு மழை நாட்களில் காலைப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டாய். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம், அழுத்தக்காரா.

உன் சாவுக்கு ஜெயராஜ் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான். வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. "அண்ணாத்தே பக்கத்துல குந்திகினு இருந்தா எந்த மழைலயும் வண்டி வழுக்காது. எனக்குத்தான் அறிவு பத்தல." பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா, நான் சொல்றது?" என்றான்.

உன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

போயும் போயும் இதையா என் தலையில் கட்டிவிட்டுப் போனாய்? ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் வந்து என்னோடு டீ குடிக்கிறான். இன்னும் நான் சொல்லவில்லை.