கைநாட்டு வைத்த சீட்டுகள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? எனக்குச் சுகம்தான். போனில் பேசினால் பக்கத்து அறையில் இருக்கும் வீட்டுக்காரருக்குக் கேட்கும், அதனால்தான் கடிதம்.

பேரையூர்ப் பக்கத்து இந்த ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் பதவியைக் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். எடுத்தவரைத் தவிர வேறு யாரும் மனு போடக் கூடாது. இந்த முறை, ஏலம் வேண்டுமா தேர்தல் வேண்டுமா என்று நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் தாங்களே ஓட்டெடுப்பு நடத்தினார்கள். வெளியூர்க்காரி என்பதால் எண்ணவும், சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கவும் என்னைக் கூப்பிட்டார்கள்.

தேர்தலுக்கு நூற்று நாற்பத்து மூன்று, ஏலத்துக்குப் பதினொன்று. ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் கைநாட்டு இருந்தது. ரகசிய ஓட்டாயிற்றே என்றேன். ஓட்டெடுப்பை முன்னின்று நடத்திய சோணையம்மாள் சிரித்தார். “கைநாட்டு வைக்கலேன்னா, நாளைக்கு நாங்க ஓட்டே போடலைன்னுருவாக டீச்சர்.”

மறுநாள் ஏலம் எடுக்க இருந்தவர் பள்ளிக்கே வந்தார். “சீட்டக் குடுங்க டீச்சர், யார் யாருன்னு பாத்துட்டுத் தாரேன்.” எரித்துவிட்டேன் என்றேன். அவர் போன பிறகுதான் எரித்தேன். அவர்களுக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏலம் நடந்தது. “ஓட்டா? எங்க, காட்டு பாப்போம்” என்று சோணையம்மாளைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கவலைப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். பெண்கள் யாரும் இப்போது என் அறைக்கு வருவதில்லை. நாற்றம் என்று சொல்ல ஆளில்லை.

திருமங்கலம் பஸ் வந்துவிட்டது, அங்கே போய்த்தான் தபாலில் போட வேண்டும். படித்ததும் கிழித்துவிடுங்கள். சோணையம்மாள் கைநாட்டு வைத்தார். நான் எம்.ஏ., பி.எட். இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை.