தோள் என்னுடையது

மார்ச் 2, ஞாயிறு

என்னைக் கேட்காமல் என் முடியை வெட்டிவிட்டார்கள். "நுனியை மட்டும் சரி பண்றேன், அத்தை" என்று சொல்லி, பின்னால் நின்று, கழுத்தோடு. வெட்டியவள் மருமகள். வாசற்படியில் சாய்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தவன் என் மகன்.

ஏன் என்று கேட்டேன். "தினமும் காலையில உங்களுக்குத் தலை வாரிட்டு ஓடினா எனக்கு பஸ் போயிடுது." பஸ் போகிறதாம். அதற்கு என் முடியா கிடைத்தது?

கையைத் தூக்க முடிந்தால் நானே வாரிக்கொள்ள மாட்டேனா? விடிந்தால் இரண்டு தோளும் இரும்பாகிவிடுகின்றன. இடுப்பும் தொடையும் அப்படித்தான். கட்டிலிலிருந்து புரண்டுதான் இறங்குகிறேன். மதியத்துக்கு மேல் இளகிவிடும். சொன்னால் யார் நம்புகிறார்கள்.

மார்ச் 3

கண்ணாடியைத் துண்டு போட்டு மூடிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

மகன் வேலை முடிந்து வந்து டாக்டரிடம் கூட்டிப்போனான். எப்போதும் மாலைதான், அவனுக்கு அப்போதுதான் ஒழியும்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "கையைத் தூக்குங்க பாட்டி" என்றார். தூக்கினேன். காது வரை வந்தது, மாலையாயிற்றே. "நல்லாத்தானே தூக்குறாங்க" என்று மகனிடம் சொன்னார். அவனிடமே, "தூங்குறாங்களா? சாப்பிடுறாங்களா?" நான் என்ன, அவன் கையில் பிடித்து வந்த பையா?

"காலையிலதான் முடியல, டாக்டர்" என்றேன். என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். திரைச்சீலை தைத்து, ஏணியில் ஏறி மாட்டிக் கொடுக்கிற வேலை என்றேன். "அதான். தேய்மானம். வயசாச்சில்ல." அதே வலி மாத்திரை. தோளைத் தொடவே இல்லை.

பள்ளிக்கூடம் போகாதவள்தான். கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டிக் கற்றவள். ஆனால் இது கூடவா புரியாது? வயதுதான் காரணமென்றால் மாலையில் எனக்கு வயது குறைந்துவிடுகிறதா?

மார்ச் 8, சனி

முன்னால் முடிச்சுப் போடுகிற அங்கி ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். "இனிமே கை தூக்கிச் சட்டை போடுற தொல்லையே இல்ல, அத்தை." பிணத்துக்குப் போடுவது போல இருக்கிறது.

மகன் சொல்கிறான்: "சாயங்காலம் நல்லாத்தானேம்மா நடமாடுறீங்க. காலையில மட்டும் எப்படி? எல்லாம் மனசுதான்." மனசாம்! மனசு தோளிலா இருக்கிறது?

மார்ச் 10, திங்கள்

கீழ்வீட்டுக்காரி வந்தாள். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வாய் ஓயாததால் தெருவே அவளை ரேடியோ என்கிறது. நான் கொட்டித் தீர்த்ததைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். "திருடன் தூங்குற நேரத்துல போலீஸைக் கூப்பிட்டு, பாருங்க இவன்தான்னா, அவங்க என்ன சொல்வாங்க? பாவம், தூங்கட்டும்னுவாங்க. சாயங்காலமே போய்ட்டிருந்தா சாயங்கால உடம்பைத்தான் காட்டுவே."

ஏன் எனக்கு இது தோன்றவில்லை? மகன் சொன்ன நேரத்துக்கே பழகிப்போய்விட்டேன்.

மார்ச் 12, புதன்

மாத்திரை போடவில்லை. முகம் கழுவவில்லை. அந்தப் பிண அங்கியோடு, தலை கலைந்தபடி, விடிந்ததும் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"பையன் வரலையா?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"தோள் என்னோடது. அதான் நானே வந்தேன்."

கையைத் தூக்கச் சொன்னார் டாக்டர். மார்பு வரைகூட வரவில்லை. மேசையைச் சுற்றி வந்து அவரே பிடித்துத் தூக்கினார். கத்திவிட்டேன். வெளியே பேச்சு நின்றுபோனது. அப்புறம் என்னிடமே கேட்டார்: இரண்டு பக்கமுமா, தலைவலி உண்டா, மெல்லும்போது தாடை வலிக்கிறதா, பார்வை எப்படி. ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"இது தேய்மானம் மாதிரி தெரியலம்மா. முன்னாடியே காலையில வந்திருக்கக் கூடாதா?"

"முன்னாடியே நான் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாதா?"

அவர் பேனாவைத் தேடினார்.

மார்ச் 14, வெள்ளி

ரத்தத்தில் அழற்சி ஏறியிருக்கிறதாம். தோளையும் இடுப்பையும் சுற்றி வருவது. வயதானவர்களுக்குத்தான் வரும், ஆனால் மருந்து உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியாயிற்று. மனசுதான் என்ற மகன் இப்போது அதையெல்லாம் எனக்கே விளக்குகிறான்.

மார்ச் 17, திங்கள்

புரளாமல் எழுந்தேன். கையைத் தூக்கினேன் — உச்சந்தலை வரை போனது. வாரிப் பின்னத்தான் முடி மிச்சமில்லை. அழுதேன். சந்தோஷமா ஆத்திரமா, தெரியவில்லை.

மருமகள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாக, "அப்போ நெசமாவே வலிச்சுதா, அத்தை?"

 

மார்ச் 20, வியாழன்

இனி நடக்க வேண்டியவை.

மகன்: நான் டாக்டரைப் பார்ப்பது என் வலியின் நேரத்தில், அவனுக்கு ஒழியும் நேரத்தில் அல்ல. கூட வரலாம். பதில் நான் சொல்வேன்.

டாக்டர்: மாத்திரையைக் குறைக்கும்போது என்னிடம் சொல்ல வேண்டும், என் முகத்தைப் பார்த்து.

வரவேற்புப் பெண்: காலையில் முடங்குகிறவர்களைக் காலையிலேயே உள்ளே விட வேண்டும். கேட்டேன். "பார்க்கலாம்" என்றாள். மறுபடி கேட்பேன்.

மருமகள்: அந்த அங்கியைக் கிழித்துத் தரை துடைக்கட்டும். என்னைத் தொடுமுன் கேட்கட்டும்.

நான்: மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது. தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் அந்த நிமிடமே போக வேண்டும்; இந்த நோய் கண்ணையும் பறிக்கலாமாம்.

மன்னிப்பது: அதுவும் நான்தான். அதற்கு இன்னும் தேதி போடவில்லை.